பேரூராட்சி நிர்வாகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சுமார் 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. அவற்றின் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. அதனால் அவசரம் இல்லையென்றால் மேலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள்.

பேரூராட்சின்னா கிராமக் கணக்கா, நகரக் கணக்கா?

நகரக் கணக்குதான். 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் ஊருக்கு அது தனியாக ஓர் அமைப்பைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் இருப்பது பேரூராட்சி. அதற்கு மேலே நகராட்சியும் மாநகராட்சியும் வருகின்றன. ஊராட்சி ஒன்றியத்துக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் பேரூராட்சியோடு நிர்வாகத் தொடர்பு கிடையாது. மாவட்ட அளவில் பேரூராட்சிகளின் உதவி இயக்குநரும், அவருக்கு மேல் சென்னையில் இயக்குநரும் மேற்பார்க்கிறார்கள்.

முன்பு 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் பொருந்தியது. 2023 ஏப்ரலிலிருந்து 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் உள்ளன. பழைய சட்டப் பிரிவு எண்ணைப் போட்டு மனு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தலைவர் பெரியவரா, செயல் அலுவலர் பெரியவரா?

முடிவெடுப்பது மன்றம், நிறைவேற்றுவது செயல் அலுவலர். வார்டு உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவரையும் துணைத் தலைவரையும் அந்த உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசியாக 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவும், மார்ச் 4 அன்று தலைவர்களுக்கான மறைமுகத் தேர்தலும் நடந்தன. பதவிக்காலம் ஐந்து ஆண்டு.

தலைவர் கூட்டத்தை நடத்துகிறார். எந்த வேலைக்கு முன்னுரிமை என்பதில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. கோப்பு, பணியாளர், உரிமம், வரி வசூல், பணம் வழங்கல் எல்லாம் அரசு ஊழியரான செயல் அலுவலர் கையில். ஆகவே "தலைவர் சரின்னுட்டார்" என்பது பாதி வேலைதான். மனுவைச் செயல் அலுவலர் பெயருக்கு எழுதி, நகலைத் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கொடுங்கள். ஒப்புகையில் நாளும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த எண் இல்லாத மனுவைப் பிறகு யாராலும் தேடி எடுக்க முடியாது.

எங்க தெருவுக்கு ரோடு போட மன்றத்துல தீர்மானம் போட்டாச்சு. ஆறு மாசமா ஒண்ணும் நடக்கலையே?

தீர்மானம் முதல் படி மட்டுமே. அதன் பிறகு இளநிலைப் பொறியாளர் நேரில் அளந்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். எந்த நிதியில் செய்வது என்று முடிவாகி, நிர்வாக அனுமதி வர வேண்டும். தொகையைப் பொறுத்து, மேல்நிலைப் பொறியாளரின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும். அதற்கப்புறம் ஒப்பந்தப்புள்ளி. 2 கோடி ரூபாய் வரையுள்ள பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்கின்றன ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகள். வந்த விலை மன்றத்தின் ஒப்புதல் பெற்று, ஒப்பந்ததாரர் காப்புத்தொகை கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்பே பணி ஆணை.

கோப்பு பெரும்பாலும் நிற்கும் இடம் இரண்டு. ஒன்று, "நிதி ஆதாரம்" என்ற வரி காலியாக இருப்பது. தீர்மானத்தில் "நிதி பெறப்பட்டவுடன் மேற்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தால், பணம் இல்லை என்று பொருள். இன்னொன்று, மதிப்பீடு பழைய விலைவிகிதப் பட்டியலில் (பொருளுக்கும் கூலிக்கும் அரசு வகுத்த விலைகளில்) போடப்பட்டு, அந்த விலைக்கு ஒப்பந்ததாரர் யாரும் வராமல் போவது. அப்போது மறு ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். இன்னும் இரண்டு மாதம் போய்விடும். எனவே அலுவலகத்தில் "ரோடு எப்போ?" என்று கேட்காதீர்கள். "மதிப்பீடு எந்த நிதியில் வைத்திருக்கிறீர்கள், தொழில்நுட்ப அனுமதி வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

பேரூராட்சிக்குப் பணம் எங்கேருந்து வருது?

சொந்த வருவாயில் பெரியது சொத்து வரி. பிறகு குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, காலிமனை வரி, கட்டட அனுமதிக் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம், கடை வாடகை, வாரச்சந்தை, பேருந்து நிலையம், கட்டணக் கழிப்பிடக் குத்தகை. குத்தகை பொதுவாக ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதனால் ஏலம் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். சந்தை ஏலம் போட்டியில்லாமல் போனால் அந்த வருடம் முழுக்க வருவாயில் ஓட்டை. இதில் ஊர்க்காரர்கள் காட்டும் அக்கறை போதாது என்பது எங்கள் எண்ணம்.

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. இது மாநில நிதி ஆணைய மானியம். மாதாமாதம் வந்து சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போய்விடும். சொத்துக் கிரயப் பத்திரத்தில் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை கட்டுகிறீர்களே, அதில் 2 விழுக்காடு உள்ளாட்சிக்கான மிகைவரி. மத்திய அரசின் 15ஆவது நிதி ஆணைய மானியம் 2021-26 காலத்துக்கு வந்தது. அதில் 60 விழுக்காட்டைக் குடிநீர், துப்புரவு இரண்டுக்கு மட்டுமே செலவிட வேண்டும், 40 விழுக்காடுதான் மன்றத்தின் விருப்பத்துக்கு. "கணக்கில் பணம் இருக்கு, ஆனா ரோடு போட முடியாது" என்று அலுவலகத்தில் சொன்னால் அது சாக்குப்போக்காகவே இருக்க வேண்டியதில்லை.

பெரிய வேலைகளுக்குத் தனித் திட்டங்கள் உண்டு: கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், குடிநீருக்கு அம்ருத் 2.0, குப்பைக்குத் தூய்மை இந்தியா 2.0, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி போன்றவை.

வீட்டு வரி எப்படிப் போடுறாங்க? பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படிக் கம்மி?

தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது, கட்டடப் பரப்பு எவ்வளவு, கான்கிரீட்டா ஓடா, எத்தனை வருடம் ஆனது, குடியிருப்பா வணிகமா என்பவற்றை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2022 ஏப்ரல் சீராய்வில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25, 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என உயர்வு வந்தது. 601 சதுர அடியும் 599 சதுர அடியும் வேறு வேறு படியில் விழுந்தது அப்படித்தான். மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாகச் சொத்து வரி வசூலும் வளர்ந்தால்தான் மத்திய மானியம் என்பது 15ஆவது நிதி ஆணையத்தின் நிபந்தனை. வரி இப்போது அடிக்கடி ஏறுவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

வரி அரையாண்டுக் கணக்கு. முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30க்குள், இரண்டாவதை அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி. ரசீதில் நூலக வரி என்று இருப்பது சொத்து வரியில் 10 விழுக்காடு. அது பேரூராட்சியின் பணம் அல்ல, வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டியது.

கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் முதலில் யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதிவைக்கும் கேட்புப் பதிவேட்டில் உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கு நேரே என்ன பரப்பு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இடித்துவிட்ட பழைய தாழ்வாரம் இன்னும் கணக்கில் இருப்பது, ஒரே வீட்டுக்கு இரண்டு எண் ஓடுவது, மூடிய பெட்டிக்கடை வணிகமாகவே நீடிப்பது, இவைதான் அடிக்கடி வரும் பிழைகள். பிழையைச் சுட்டி, மறுஅளவீடு கேட்டு எழுதிக் கொடுங்கள். தீராவிட்டால் மேல்முறையீடு. வரியைக் கட்டாமல் நிறுத்திவைத்துக்கொண்டு முறையிடுவது உங்களுக்கு வட்டியைத்தான் சேர்க்கும்.

வரி ரசீது என் பேர்ல இருக்கு. அப்போ வீடு எனக்குத்தானே?

இல்லை. வரி ரசீது, வரி கட்டியதற்கு மட்டுமே சான்று. உரிமைக்குப் பத்திரம், பட்டாவுக்கு வருவாய்த் துறை. பங்காளித் தகராறில் வரிப் பெயர் மாற்றத்தை ஆயுதமாக்க வேண்டாம். பத்திரமோ வாரிசுச் சான்றோ இல்லாமல் செய்த பெயர் மாற்றம் ஆட்சேபனை வந்தால் ரத்தாகும்.

தண்ணி ஏன் மூணு நாளைக்கு ஒருக்கா வருது? தொட்டி நிறையத்தானே இருக்கு?

பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு நபருக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், இருக்கும் ஊருக்கு 135 லிட்டர் என்பது குடிநீர் வடிவமைப்பில் கொள்ளும் அளவு. 12,000 பேர் உள்ள ஊருக்கு 70 லிட்டர் வீதம் நாளுக்கு 8,40,000 லிட்டர் வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து 5 லட்சம்தான் வருகிறது, உள்ளூர் ஆழ்துளைக் கிணறு 1 லட்சம் தருகிறது என்று வையுங்கள். எல்லோருக்கும் தினமும் திறந்தால் மேட்டுத் தெருவுக்கு அழுத்தமே எட்டாது. அதனால் பகுதி பகுதியாக முறைவைத்துத் திறக்கிறார்கள். தொட்டி நிறைந்திருப்பது நாளைக்கு அடுத்த பகுதிக்கு விடுவதற்காக இருக்கலாம்.

கடைக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் வராததற்கு இன்னொரு காரணம் நடுவில் இருப்பவர்கள் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. தண்ணீர் விடும் நேரத்தில் தெருவில் மின்சாரம் போன அன்று மட்டும் கடைசி வீட்டுக்கு நன்றாக வருகிறது என்றால் ஐயமே வேண்டாம். உறிஞ்சும்போது குழாயில் வெற்றிடம் உண்டாகி, கசிவு வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரும். "தண்ணி நாத்தம் அடிக்குது" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதை.

கடைசி வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். 33 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால், 1 லட்சம் லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் வீதம் சேர்க்க சுமார் 300 கிராம் ஆகும். மூட்டையைப் பிரித்து ஈரத்தில் வைத்துவிட்டால் வீரியம் போய்விடும், பிறகு எவ்வளவு போட்டாலும் சோதனையில் நிறம் காட்டாது.

தெருவிளக்கு எரியல. கரண்ட் ஆபீஸ் போனா பேரூராட்சிக்குப் போங்கறாங்க, இங்க வந்தா அங்க போங்கறாங்க!

கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. விளக்கும் அதன் பொருத்துச் சட்டமும் பேரூராட்சியுடையவை. ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் பேரூராட்சிக்கு. வரிசையாக எல்லாமே எரியாவிட்டால் பெரும்பாலும் சுவிட்சுப் பெட்டிக் கோளாறு, அதுவும் முதலில் பேரூராட்சிக்குத்தான். கம்பம் சாய்ந்தது, கம்பி தொய்ந்தது, தீப்பொறி பறக்கிறது என்றால் நேராக மின்வாரியம். புகாரில் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிட்டால் ஏணி வண்டி ஒரே நடையில் வேலையை முடித்துவிடும்.

நாங்க பிரிச்சுக் குடுக்கிறோம், அவங்க வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?

சில ஊர்களில் அது நடக்கிறது, மறுப்பதற்கில்லை. வண்டியில் தடுப்பு இல்லாததோ, பத்து வீடு பிரித்துக் கொடுத்து நாற்பது வீடு கலந்து கொடுப்பதோ காரணமாக இருக்கும். கலந்த குப்பையை, குப்பை பிரித்து உரமாக்கும் இடமான வளம் மீட்புப் பூங்காவில் மறுபடி கையால் பிரிக்க வேண்டும். நாப்கினும் உடைந்த கண்ணாடியும் அந்தக் கைகளில்தான் படும். காய்கறிக் கழிவு தனியாக வந்தால் குவியலாக்கி, புரட்டி, ஈரம் காத்து ஒன்றரை இரண்டு மாதத்தில் உரமாக்கலாம். பிளாஸ்டிக் கலந்த குவியலோ புழுத்துப் போய் ஈயைத்தான் கூட்டும்.

தெருவில் வண்டி கலந்து வாங்கினால், வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துத் தூய்மைப் பணி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பணியாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, வண்டியின் அமைப்பை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

ரோடு போட்டதுல எங்க வீடு பள்ளமாப் போச்சு. மழை பெஞ்சா தண்ணி உள்ள வருது. யாரைக் கேட்கிறது?

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். சுரண்டும் செலவு மதிப்பீட்டில் சேர்ந்திருக்க வேண்டும். சேராமல் விட்டால் ஒப்பந்ததாரர் மேலேயே போட்டுவிட்டுப் போவார், அவரைக் கேட்கவும் முடியாது. ஆகவே மேலே சொன்ன மதிப்பீட்டுக் கட்டத்திலேயே வாசற்படி மட்டத்தைக் காட்டி எழுதிக் கொடுப்பதுதான் வழி. சாலை போட்ட பின் செய்யக்கூடியது ஓரத்தில் வடிகால் கேட்பது மட்டுமே.

வேலை நடக்கும்போது நீங்களே சரிபார்க்கக்கூடியவை உண்டு. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். ஓரத்தில் மண் அணைப்பதற்கு முன் அளவுகோலை வைத்தால் கனம் தெரிந்துவிடும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தாமல் விட்டாலும், இடைவெளிக் கோடுகள் வெட்டாவிட்டாலும் விரிசல் விழும். பேவர் பிளாக் என்றால் வண்டி போகும் தெருவுக்கு 60 மி.மீ.க்குக் குறைந்த கல் ஆகாது. இரு ஓரத்திலும் கான்கிரீட் கரை இல்லாவிட்டால் முதல் மழையிலேயே கற்கள் விலகும். அம்ருத் குழாய் வரப்போகிற தெருவில் அதற்கு முன் சாலை போடுவதை மன்றமே தடுக்க வேண்டும். அப்படித் தடுத்தால் "வேலை செய்யாத மன்றம்" என்று பெயர் வரும் என்பதால் பலர் தடுப்பதில்லை.

பட்ஜெட்ல எங்க தெருவைச் சேர்க்க எப்போ மனு கொடுக்கணும்?

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்குள் வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் நிறைவேற வேண்டும். எனவே மனு நவம்பர், டிசம்பரில் போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் கொடுக்கும் மனு அடுத்த வருடத்துக்குத்தான். சம்பளம், மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குச் செலுத்தும் தொகை, கடன் தவணை எல்லாம் போக மிஞ்சுவதில்தான் புதுப் பணி. பட்ஜெட் நகலில் வருவாயைப் பார்க்கும்போது போன வருட மதிப்பீட்டோடு ஒப்பிடாதீர்கள், உண்மையில் வசூலான தொகையோடு ஒப்பிடுங்கள். 40 லட்சம் வசூலான இடத்தில் 70 லட்சம் எதிர்பார்ப்பு என்று இருந்தால், அந்த 30 லட்சத்தை நம்பிப் போட்ட பணிகள் காகிதத்திலேயே இருக்கும்.

நிதி இல்லை என்றால் நமக்கு நாமே திட்டம் ஒரு வழி. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்களோ நன்கொடையாளரோ கட்டினால் மீதியை அரசு தரும். 6 லட்சம் ரூபாய் வேலைக்கு 2 லட்சம். முப்பது வீடு சேர்ந்தால் முடியாத தொகை அல்ல, ஆனால் சாதாரணத் தெரு வேலைக்கு மக்களிடம் பணம் கேட்பது நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது. பூங்கா, பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்கு அது பொருந்தும்.

கிராம சபை மாதிரி இங்க எதுவும் கிடையாதா? நூறு நாள் வேலையும் இல்லையாமே?

கிராம சபை ஊராட்சிக்கு மட்டும். இங்கே அதற்கு இணையாகப் பகுதி சபை உண்டு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடத்தத் தொடங்கினார்கள். வார்டு உறுப்பினர் தலைமையில் நடக்கும். வருகிறவர்கள் குறைவு என்பதால், பத்துப் பேர் சேர்ந்து எழுத்தில் கோரிக்கை வைத்தாலே பதிவேட்டில் ஏறிவிடும்.

நூறு நாள் வேலை ஊரகத்துக்கான சட்டம், பேரூராட்சியில் கிடையாது. ஊரக வீட்டுத் திட்டங்களும் ஜல் ஜீவன் குழாய்த் திட்டமும் அப்படியே. ஊராட்சியைப் பேரூராட்சியாகத் தரம் உயர்த்தும் பேச்சு வந்தால், இந்த இழப்பையும் வரி உயர்வையும் ஒரு பக்கமும், கூடுதல் பணியாளர், நகர்ப்புற நிதி, விளக்கு, குப்பை வண்டி ஆகியவற்றை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள். விவசாயக் கூலி வேலையை நம்பியிருக்கும் ஊருக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவருவதில்லை.

சின்ன வீடுதான் கட்டறேன். அதுக்கும் அனுமதி வேணுமா?

வேண்டும், ஆனால் எளிதாகிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவோர் இணையத்தில் சுயசான்று அளித்து உடனடி அனுமதி பெறலாம். பத்திரம், பட்டா, மனை வரைபடம், கட்டட வரைபடம் வேண்டும். கட்டணம் பேரூராட்சியின் நிலையைப் பொறுத்து மாறும். சுயசான்றில் எழுதியதற்கு மாறாகப் பக்க இடைவெளி விடாமல் கட்டினால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. "ஆன்லைன்ல அனுமதி வந்துருச்சே" என்ற வாதம் எடுபடாது.

எங்க நகர் அப்ரூவல் இல்லாதது. வரி மட்டும் வாங்குறாங்க, ரோடு போட மாட்டேங்கறாங்களே?

சிக்கலான இடம் இது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் பேரூராட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் அந்தத் தெரு இன்னும் பழைய உரிமையாளரின் பட்டாவிலேயே நிற்கும். தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் மாட்டுவோம் என்று அலுவலர்கள் பின்வாங்குகிறார்கள். வரி என்பது கட்டடத்துக்கானது, அதை வாங்குவதால் தெரு பேரூராட்சியுடையது ஆகிவிடாது.

2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்தது. உங்கள் மனை மட்டும் வரன்முறை ஆனதா, மொத்த மனைப்பிரிவும் ஆனதா என்று பாருங்கள். தெருவைப் பேரூராட்சிக்கு எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரம் பதிவானால்தான் மதிப்பீடு நகரும். விற்றவர் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். வாரிசுகள் காலத்தில் அந்தத் தெருவே ஒரு மனையாகி விலைக்கு வந்த ஊர்கள் உண்டு.

அங்கீகாரம் பெற்ற நகர்களிலும் ஒரு சோதனை செய்யலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பொதுத் திறந்தவெளியாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். வரைபடத்தில் அது எந்த இடம் என்று பார்த்து, அங்கே யாராவது வேலி போட்டிருந்தால் உடனே எழுதிக் கொடுங்கள்.

தலைவர் அம்மா. ஆனா எல்லாத்தையும் அவங்க வீட்டுக்காரர்தானே பார்க்கிறார்?

பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு வந்த பின் அடிக்கடி கேட்கப்படுவது. கணவருக்கோ மகனுக்கோ மன்றக் கூட்டத்தில் உட்காரவும், பணியாளருக்கு உத்தரவிடவும், கோப்பைப் பார்க்கவும் எந்த உரிமையும் இல்லை. அவர் வாய்மொழியாகச் சொன்னதற்கு அலுவலகத்தில் மதிப்பும் இல்லை. மனுவை அவரிடம் கொடுக்காதீர்கள். தலைவரிடமே கொடுங்கள், இல்லையேல் அலுவலகத் தபால் பிரிவில் கொடுங்கள். மக்கள் கணவரைத் தேடிப் போவதை நிறுத்தாதவரை இது ஓயாது.

செலவுக் கணக்கை நாங்க பார்க்க முடியுமா?

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறது. தடை எழுப்பிய பத்திகளுக்குச் செயல் அலுவலர் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

"ரோடு ஏன் மோசம்?" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. பணியின் பெயரையும் ஆண்டையும் குறித்து, மதிப்பீடு, பணி ஆணை, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவீட்டுப் புத்தகத்தின் பக்கங்கள், இறுதிப் பட்டியல் (பில்) ஆகியவற்றின் நகல் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். அளவீட்டுப் புத்தகத்தில் 15 செ.மீ. என்று எழுதியிருந்து, தெருவில் 10 செ.மீ. இருந்தால், நகலோடு உதவி இயக்குநருக்கு எழுதலாம். காப்புத்தொகை ஒப்பந்ததாரருக்குத் திரும்பிப் போவதற்குள் எழுதினால்தான் பிடித்தம் செய்ய ஏதாவது மிச்சமிருக்கும்.